மாப்ளையைப் போகச் சொன்னவள்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர் நீர்நாய்க் குட்டியைப் பார்த்திருக்கமாட்டார். மீனைத் தின்றே பிழைக்கிற அந்தப் பிராணியின் குட்டிக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம். யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் நீந்தும். எங்கள் கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு குட்டிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் ரஜீனா. அவளுக்கே நீந்தத் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

ரஜீனா எனக்குப் பக்கத்துக்காரி. எங்கள் மாந்தோப்பின் வேலி முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் அணையின் தண்ணீர். அவள் புருஷன் பரீது, அணையில் பிடிக்கிற மீனை வாங்கி ரோட்டோரக் கடையில் விற்கிறவர். செதில் எடுத்து வெட்டிக் கழுவிக் கொடுப்பது ரஜீனாவின் வேலை. ஒரே மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அணை போடுகிற சோற்றைத்தான் ரஜீனா தின்கிறாள், ஆனால் கணுக்காலுக்கு மேல் அதன் தண்ணீர் அவளைத் தொட்டதில்லை. "அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நான் பாட்டுக்கு நான் இருக்கறேன்" என்பாள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சிடுசிடுப்பானவள். மிருகங்கள் மேல் எனக்குப் பெரிய பாசம் கிடையாது. மாங்காய் திருடும் குரங்குகளோடு மல்லுக்கட்டியே என் பாதி ஆயுசு போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் நான் உருகுவதைப் பார்த்து யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

குட்டி வந்தது மலைக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கிற மார்கழி மாதத்தில். பரிசல் ஓட்டி மீன் பிடிக்கிற பொங்கியண்ணன் ஒரு காலை தன் கூடையைப் பரீதின் கடையில் வைக்காமல், நேராக ரஜீனாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மீன் இல்லை. ஈரத்துண்டுக்குள் கண் சரியாகத் திறக்காத ஒரு சாம்பல் நிறக் குட்டி. அக்கரையில் யாரோ கைவிட்டுப்போன பழைய வலையில் தாய் சிக்கிச் செத்துக் கிடந்ததாம். பக்கத்துப் பொந்தில் இது கத்திக்கொண்டிருந்ததாம்.

வனத்துறையிலிருந்து ஜோபி வந்தான். மலையாளத்துக்காரன், ஆனால் இந்தப் பக்கமே வேலை பார்த்து, தமிழும் மலையாளமும் அவன் வாயில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வரும். கூடவே வந்த கால்நடை டாக்டர், இந்த வயதில் தூரப் பயணம் தாங்காது, கொஞ்சநாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"பார்த்துக்க ஆளு உண்டோ இத்தா?" என்று ஜோபி ரஜீனாவைக் கேட்டான். மலையாளத்தில் முஸ்லிம் வீட்டு அக்காவுக்கு இத்தா.

"நான் எப்பவும் இங்கதானுங்க இருக்கறேன். மீனும் இங்கதான் இருக்குது" என்றாள் ரஜீனா. அவ்வளவு சாதாரணமாகத்தான் அது தொடங்கியது.

வீட்டுக்குள் ஒரு சிக்கல் வந்தது. பரீதின் அக்கா ஹவ்வா, புருஷன் இறந்தபிறகு இவர்களோடு இருக்கிறவர், குட்டியை வாசற்படி தாண்ட விடவில்லை. "பேர்லயே நாய் இருக்குது. ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா எப்படித் தொழுகறது?"

"பேர்ல என்ன மதினி இருக்குது? கடல்குதிரைன்னு ஒண்ணு இருக்குதாம், அது என்ன வண்டியா இழுக்குது?"

ஹவ்வா மசியவில்லை. பரீது இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்று தாடியைத் தடவிவிட்டு, மீன் கழுவுகிற தகரக் கொட்டகையில் ஒரு பெட்டியை வைத்துக் கொடுத்தார். வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. இரண்டு பேருக்கும் அது சம்மதமாக இருந்தது.

ஆட்டுப்பாலும் மீன் வேகவைத்த தண்ணீரும் கலந்து திரியில் நனைத்துக் கொடுத்தாள். பல் முளைத்ததும் மீன் மசித்துக் கொடுத்தாள். அப்போதுதான் அதன் குணம் தெரிந்தது. ஜிலேபி மீனைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விரால் இருந்தால்தான் வாய் திறக்கும். சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹவ்வா, "மறு சோத்துக்கு வந்த மாப்ளைன்னு நெனப்பு!" என்றார். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்தைத்தான் மறு சோறு என்பார்கள். பெயர் அதுவே ஒட்டிக்கொண்டது. மாப்ளை என்று ஆனபிறகு மரியாதை இல்லாமல் கூப்பிட முடியுமா? ரஜீனா அதை வாங்க, போங்க என்றுதான் பேசினாள். அவள் பேசிப் பேசி, எனக்கும் 'அது' என்பது போய் 'அவர்' வந்துவிட்டது.

மீன் வைக்கும்போதெல்லாம் "வாங்க மாப்ளே" என்பாள். 'வாங்க' என்ற சொல் காதில் விழுந்தால் அவர் எங்கே இருந்தாலும் உருண்டு புரண்டு வந்து நிற்பார். அவர் படித்த முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம் தண்ணீர். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இப்போது நீந்தப் பழகாவிட்டால் பின்னால் கஷ்டம் என்று. பரீதுக்குக் கடை. பொங்கியண்ணன் தூக்கினால் மாப்ளை கடித்தார். வேறு வழியில்லாமல் ரஜீனாதான் இறங்கினாள்.

அந்தக் காலைகளை நினைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட காலையாகத்தான் எனக்கு வருகிறது. தோப்புக்குத் தண்ணீர் திருப்பப் போகும்போது வேலி ஓரமாக நின்று பார்ப்பேன். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, நைட்டிக்கு மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பரிசல் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி ரஜீனா இறங்குவாள். பனிப்புகை தண்ணீர்மேல் படுத்திருக்கும். தென்மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆகாயம் எங்கே முடிந்து அணை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த வெள்ளைக்குள் இடுப்பு வரை மறைந்த ஒரு பெண், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீச்சிடும் ஒரு குட்டி. "ஒண்ணுமில்லீங்க மாப்ளே. நான் இருக்கறேன்ல. பயப்படாதீங்க" என்று அவள் குரல் மட்டும் மிதந்து வரும். அவள் பல் கிட்டித்துக்கொண்டிருப்பது அந்தக் குரலிலேயே தெரியும். யார் யாருக்குத் தைரியம் சொல்கிறார்கள் என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரிப்பேன்.

ஒருநாள் அவள் கால் சேற்றில் வழுக்கியது. கயிறு கையை விட்டுப் போயிற்று. நான் வேலியைத் தாண்டி ஓடுவதற்குள் அவள் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு, அப்படியே மிதந்தாள். துப்பட்டா அவிழ்ந்து பக்கத்தில் பரந்து கிடந்தது. மாப்ளை அவள் கழுத்தில் இல்லை. அவளைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் மூக்கால் அவள் காதை முட்டுவார், திரும்ப ஒரு சுற்று.

கரைக்கு இழுத்துப் போட்டு நான் வைத வசவு கொஞ்சமல்ல. அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. "அக்கா, காலு தரையில இல்ல. கொஞ்ச நேரம் நான் எங்கியுமே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் போய்ப் பொறாமையாக இருந்தது.

அதன்பிறகு இரண்டு பேருமே தண்ணீரை விட்டு ஏறுவது அபூர்வமாயிற்று. மீன் பிடிக்கக் கற்றுத்தருவதற்கு முதலில் கல்தொட்டியில் உயிர்மீனை விட்டாள். பிறகு முழங்கால் ஆழத்தில் விட்டாள். மாங்காய் இறக்கும் சமயத்தில் அணை வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தபோது, மாப்ளை தானாகவே விரால் பிடித்து வந்து அவள் காலடியில் போட்டார். அன்றைக்கு அவள் ஊரெல்லாம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். ஹவ்வாகூட, "பரவால்ல, சம்பாதிக்கற மாப்ளைதான்" என்றார்.

காலையில் அவர் வேட்டைக்குக் கிளம்பும்போது ரஜீனா கரையில் நின்று வழியனுப்புவாள். "போயிட்டு வாங்க மாப்ளே." பொழுது சாய்வதற்குள் அவர் திரும்பி வருவார். அவள் மீன் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் படுத்து, ஈர வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்குவார். அணை, மலை, பெண், பிராணி எல்லாம் ஒரே சோம்பலில் கிடந்த மாதங்கள் அவை. இப்படியே இருந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை வந்து அணை நிறைந்தது. மாப்ளையும் ஆளாகிவிட்டார். அப்போதுதான் தொந்தரவு தொடங்கியது. மனிதன் என்றால் மீன் தருகிறவன் என்று அவருக்கு ஒரு கணக்கு. எந்தப் பரிசலிலும் ஏறுவார், எந்தக் கூடையிலும் தலையை விடுவார். எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். தூண்டில் போட வந்த ஒரு வெளியூர்க்காரனுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. துடுப்பை எடுத்து வீசிவிட்டான். மயிரிழையில் தப்பினார். தப்பியவர் ஓடிப்போகவில்லை, அந்த ஆள் இன்னொரு மீன் தருவான் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஜோபி வந்து பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அக்கரையில், மலையடிவாரப் பாறைகளில், ஒரு நீர்நாய்க் குடும்பம் இருக்கிறது. மழை முடிவதற்குள் இவர் அவர்களோடு சேர வேண்டும். "சேர்ந்தா சேர்ந்தது. இல்லேன்னா நான் கொண்டு போகணும். ஆளைக் கண்டா ஓடிவர்ற ஒண்ணை வெளியே விடக்கூடாது இத்தா. இன்னிக்கு துடுப்பு தப்பிச்சு. நாளைக்கு தப்பாது."

"எங்க கொண்டு போவீங்க?"

"கூண்டுக்கு. ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும்."

"எத்தன நாளைக்குங்க?"

ஜோபி நல்ல பையன். அவனுக்குப் பொய் வரவில்லை. "சாகற வரைக்கும்" என்றான்.

மறுநாளே ரஜீனா மாப்ளையைக் கூடையில் வைத்துப் பொங்கியண்ணனின் பரிசலில் அக்கரைக்குப் போனாள். பாறைமேல் இறக்கிவிட்டு, தலையைத் தடவி, "போயிட்டு வாங்க மாப்ளே. சூதானமா இருங்க" என்று சொல்லி, அழுதுகொண்டே திரும்பினாள். பரிசல் இக்கரை சேர்ந்தபோது மாப்ளை கொட்டகையில் உட்கார்ந்து விராலுக்குக் காத்திருந்தார். அடுத்த தடவையும் அதுதான் நடந்தது. அதற்கடுத்த தடவையும். தூரத்தில் காட்டு நீர்நாய்கள் விசில் போலக் கூப்பிடும். இவர் நின்று கேட்பார், இரண்டு முழம் அந்தப் பக்கம் நீந்துவார். ரஜீனா ஆசையோடு, "ஆமாங்க, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்பாள். உடனே திரும்பி அவளிடம் வந்துவிடுவார்.

"எதுக்குங்க வந்தீங்க? மறுபடியும் எதுக்கு வந்தீங்க?" என்று அவள் ஒருநாள் வைதுகொண்டிருந்தபோது ஜோபி பக்கத்தில் நின்றிருந்தான். அவன் கேட்டான். "நீங்கதானே இத்தா வாங்க வாங்கன்னு விளிக்கறது? அது வந்தா பின்னே எதுக்கு வழக்கு?"

ரஜீனா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் யாரையும் 'போங்க' என்று வழியனுப்புவதில்லை. போகிறவரும் போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வார். கரண்டு பில் எடுக்க வருகிறவரைக்கூட, இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புகிறோம். அதில் கடைசியாக வருகிற 'வாங்க' யார் காதிலும் விழுவதில்லை. மாப்ளைக்கு விழுந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். ஒவ்வொரு தடவை வழியனுப்பும்போதும் அவள் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்ப, வெறும் போன்னு சொல்லோணுமா?" என்று என்னைக் கேட்டாள். "மாப்ளையப் போன்னு சொல்ற ஊடு எங்கயாச்சும் இருக்குதாக்கா?"

எனக்கு அழுகை வந்தால் வாயில் கோபம்தான் வரும். "மரியாத பாத்துட்டு மாப்ளையத் தொட்டியில போடப்போறியா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சொன்னாள். "போ." பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத குரலில் சொன்னாள். மாப்ளைக்கு அது புதுச் சொல். புது மீன் ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, துள்ளி வந்து அவள் பாதத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டார்.

சொன்னால் மட்டும் போதாது, அந்தச் சொல்லுக்கு அர்த்தத்தையும் கற்பிக்க வேண்டும். பயத்தைக் கற்பிக்க வேண்டும். பரீதும் பொங்கியண்ணனும் தகரத்தைத் தட்டி, துடுப்பால் தண்ணீரை அறைந்து விரட்டினார்கள். மாப்ளை நடுங்கிப்போய் நேராக ரஜீனாவின் காலுக்கடியில் ஒளிந்துகொண்டார். உலகமே விரட்டினாலும் ஓடிவர அவருக்கு ஒரு இடம் இருந்தது. அந்த இடம் இருக்கும்வரை அவர் காட்டுக்குப் போகமாட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. ரஜீனாவுக்கும் புரிந்தது. அவள் பரீதின் கையிலிருந்து தகரத்தை வாங்கிக்கொண்டாள்.

அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவர் முகத்துக்கு முன்னால் அந்தத் தகரத்தை அடித்தாள். "போ! போ!" என்று கத்தினாள். அவர் விளையாட்டென்று நினைத்து வயிற்றைக் காட்டிப் படுத்தார். மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். விலாவில் பட்டது. அவர் வீறிட்ட சத்தம் எங்கள் தோப்பின் அடுத்த முனை வரை கேட்டதாக வேலைக்காரர்கள் சொன்னார்கள். தண்ணீருக்குள் போய், தலையை மட்டும் நீட்டி, அவளையே பார்த்தார். இவள் வேறு யாரோ என்று நினைத்திருப்பார். நல்லவேளையாக அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனாலும் வந்தார். மண்ணாங்கட்டி எட்டாத தூரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கூப்பிடுவார். ரஜீனா தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் செதில் எடுப்பாள். முதுகு குலுங்கும். வெயில் தண்ணீரில் பட்டுக் கொட்டகைத் தகரத்தில் ஆடிக்கொண்டிருக்கும், அந்த விசில் நின்று நின்று வரும். ஒருநாள் ஹவ்வா கொட்டகைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கத்தியை எடுத்துத் தானும் செதில் எடுக்க ஆரம்பித்தார். "அது கூப்புடறது நிக்கற வரைக்கும் நானும் இருக்கறேன்" என்றார்.

மழை ஓயும் முன்னால் கூப்பிடுவது நின்றது. கல் வெறுமையாகக் கிடந்தது. ஜோபி வந்தான், பார்த்தான், தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் சேர்ந்துவிட்டாரா, செத்துவிட்டாரா என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. காட்டு நீர்நாய்கள் தங்கள் கூட்டத்தில் புது ஆளைக் கடித்துக் கொல்வதும் உண்டாம். அதை அவன் என்னிடம்தான் சொன்னான், நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. விரால் வந்தால் அதை மட்டும் வெட்டாமல் பரீதிடமே தள்ளிவிடுவாள். இரண்டு சுற்று இளைத்துப்போனாள்.

மறுபடியும் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கியபோது அவளே பொங்கியண்ணனிடம் பரிசல் கேட்டாள். மாம்பூவுக்கு மருந்தடிக்கிற வேலையைப் போட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். காற்று எங்களை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று, பொங்கியண்ணன் துடுப்பைச் சும்மா வைத்திருந்தார். மலை கிட்டக் கிட்ட வந்து நீலம் வெளுத்துப் பச்சையானது. தூங்கி எழுந்ததா தூங்கப் போவதா என்று தெரியாத ஒரு மயக்கத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். எந்தப் பாறையைப் பார்த்தாலும் நீர்நாய் போலவே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாறைமேல் சில உருவங்கள் அசைந்தன.

பெரியதும் சிறியதுமாக ஒரு குடும்பம், வெயிலில் மீன் தின்றுகொண்டிருந்தது. "அந்தக் கடைசியில இருக்கறது அவருதான்" என்றாள் ரஜீனா. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஆனால் கல்யாணக் கூட்டத்தில் தன் மகளைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவளிடம் யாரும் அடையாளம் கேட்பதில்லை.

அவர் பின்காலில் எழுந்து நின்றார். பரிசலைப் பார்த்தார். பிறகு அவளை மட்டும் பார்த்தார். ரஜீனாவின் உதடு 'வாங்க' என்று சொல்லப் பிரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் துப்பட்டாவை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அடுத்த நொடி அவர் கூர்மையாக ஒரு குரல் கொடுத்தார். குட்டிகள் குதித்தன, பெரியவை குதித்தன. எல்லோரும் தண்ணீருக்குள் போனபிறகு, கடைசியாக அவரும் பாய்ந்தார். பாறையில் பாதி தின்ற மீன் மட்டும் கிடந்தது.

ரஜீனா துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "என்னையப் பாத்துப் பயந்துட்டாருக்கா" என்றாள். "நல்லாப் பயந்துட்டாரு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

பொங்கியண்ணன், கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார்.

"வேண்டாங்கண்ணா, பரிசலத் திருப்புங்க" என்றாள் ரஜீனா. "நாம இங்க நின்னா அவங்க மேல வந்து சாப்பிடமாட்டாங்க."